கொடியில் காய்ந்த அபாயா

கல்முனை பஸாரில் ஒரு புடவைக்கடை. பிற்பகல், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்திய நேரம். வெளியே ரோட்டில் வெயில் கொதித்தது. உள்ளே மின்விசிறி புதுத்துணி வாசத்தை முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. தலையணை உறைக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாகத் தலையணை உறைகள் எல்லாம் ஓரத் தையல் விட்டுப் பிரிந்துகொண்டிருந்தன. காரணம் தெரியவில்லை.

“நான் சும்மாதான் கேக்கன் புள்ள, இது சாயம் போகுமா?” என்றேன்.

துணி காட்டிக்கொண்டிருந்த பெண்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு உள்ளே ஓடிப்போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“மாமி, இன்னொருக்காச் செல்லுங்களன்.”

“என்னத்தச் செல்ல?”

“அதான், சும்மாதான் கேக்கன் எண்டு.”

மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பென்சன் எடுக்கும்வரை வகுப்பறையில் நின்றவள் நான். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பது எனக்குப் பழக்கம். ஆனால் நான் படிப்பிக்காத பிள்ளைகள் என் முகத்துக்கு நேரே சிரித்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் ஒருத்தி போனை நீட்டினாள். திரையில் ஒரு மாமி நடந்து வந்தாள். மண்ணிற அபாயா. கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. இடது முழங்கால் நோகாமல் ஒரு பக்கம் சாய்ந்த நடை, இடுப்பில் கை. கதவடியில் நின்று, “நான் சும்மாதான் கேக்கன் மகன், பகல்லயும் இந்த லைட்டு எரியோணுமா?” என்றாள்.

அந்த மாமிக்கு மீசை இருந்தது. மீசைக்குப் பின்னால் என் மருமகன் இருந்தான். அபாயாவுக்குள், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, முன்னாலும் பின்னாலும் என் வீட்டுத் தலையணைகள் இருந்தன.

துணி எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சுபைதா மாமி

என் மருமகன் நௌசாத் மருதமுனைப் பிள்ளை. போன் திருத்துகிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறான். தொழுகை தவறமாட்டான், அதிகம் கதைக்கவும் மாட்டான். அதிகம் கதைக்காதவன் மற்றவர்கள் கதைப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான் என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

வெள்ளிக்கு வெள்ளி ‘சுபைதா மாமி’ என்ற பெயரில் பேஸ்புக்கில் வீடியோ போடுகிறானாம். மருமகனாக நடிப்பது அவனுடைய கூட்டாளி. மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை பார்க்கிறார்களாம். கட்டாரில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் ஜும்ஆத் தொழுகை முடிந்து ரூமுக்குத் திரும்பியதும் முதலில் தேடுவது சுபைதா மாமியைத்தானாம். இதையெல்லாம் என் மகள் றிஸ்னா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. உரத்து ஏசவும் முடியாது.

“எனக்கு ஏன் செல்லல்ல?”

“நீங்கதான் பேஸ்புக் பாக்கிறல்லயே உம்மா.”

“நான் பாக்காட்டி என்ன? என்ட அபாயா பேஸ்புக்குக்குப் பெய்த்துப் பெய்த்து வருதே.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

அபாயாவைக் கொடியிலிருந்துதான் எடுப்பார்களாம். வெள்ளி காலையில் நான் துவைத்துப் போட்டுவிட்டுக் குசினிக்குள் சமைக்கப் போனதும் எடுத்து, கூட்டாளியின் வீட்டுக்குக் கொண்டுபோய், ஜும்ஆவுக்கு முன் வீடியோவை முடித்து, திரும்பவும் கொடியில் போட்டுவிடுவார்களாம். எத்தனையோ வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலிலும் இந்த உடுப்புக் காயவில்லையே என்று நான் வெயிலைக் குறை சொல்லியிருக்கிறேன். சில நாட்களில் அதில் ஆண்கள் பூசுகிற அத்தர் வாசம் வரும். பள்ளிவாசலுக்குப் போகிறவர்களின் வாசம் காற்றோடு வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இது யார் வீடு?

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். வீடும் பெண்ணுக்கே. மற்ற ஊர்களில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் நடக்கிறதெல்லாம் இங்கே மாமிக்கும் மருமகனுக்கும் இடையில் நடக்கும். ஆனால் அதற்குச் சண்டை என்று பெயர் இல்லை, மரியாதை என்று பெயர். அந்த மரியாதைக்குள் எவ்வளவு எரிச்சல் வெந்துகொண்டிருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சுபைதா மாமி சொன்னாள். ஊர் ஆண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரு வீடியோவில் அவள், “நான் சும்மாதான் கேக்கன் மகன், இது யார்ர வீடு?” என்று கேட்கிறாள். அதைப் பார்த்து எனக்கு உச்சந்தலை கொதித்தது. என் வீட்டில் இருந்துகொண்டு, என் உடுப்பையே போட்டுக்கொண்டு, என்னையே நக்கலடிப்பதா! அதுவும் நான் ஒருநாளும் சொல்லாததைச் சொல்லி!

அன்று பொழுதுபட்டு மஃரிப் தொழுத பிறகு குசினி லைட்டை யாரோ அணைக்காமல் போயிருந்தார்கள். “இது யார்ர வீடெண்டு நினைச்சிக்கிட்டு...” என்று தொடங்கினேன். பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவனை நேரே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் மருமகனை முகத்துக்கு நேரே ஏசுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஏசுவதென்றால் பூனையை ஏசவேண்டும், மருமகன் விளங்கிக்கொள்வார். அந்த வாரம் எங்கள் பூனை வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

பயமும் இருந்தது. ரோசப்பட்டு அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருதமுனைக்குப் போய்விட்டால்? மருமகன் பெட்டியோடு தெருவில் இறங்கினால் ஊர் அதைப் பாதித் தலாக்காகவே எடுத்துக்கொள்ளும். றிஸ்னாவின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களுடைய கட்டிலுக்குக் கீழே கிடக்கிற அந்தப் பெட்டிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கண்டனக் கூட்டம்

எங்கள் மாதர் சங்கத் தலைவி ஜெஸீமா என்னிடம் படித்தவள். நானாகச் சொல்லப் போகவில்லை, அவளே வந்தாள்.

“ரீச்சர், இத உங்கட வீட்டுப் பிரச்சினையா எடுக்காதீங்க. இது பொம்பிளைகள் எல்லாருக்கும் நடந்த அவமானம்.”

அடுத்த நாளே அவளுடைய வீட்டில் கூட்டம். பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு, இனிப்புக்கு வட்டிலப்பமும் வெட்டி வைத்திருந்தாள். ஜெஸீமா நன்றாகப் பேசினாள். பாராட்டாமல் இருக்க முடியாது.

“ஒரு பொம்பிளப் புள்ள வீடியோவுல முகத்தக் காட்டினா அந்தக் குடும்பம் தெருவுல தல நிமிர ஏலா. ஆம்பிள பொம்பிளையா வந்து நிண்டா ஊரே சிரிக்கிது. நம்மட குரல் வேணும், நம்மட நட வேணும், நம்மட உடுப்பு வேணும். நம்ம மட்டும் வேணாம். இது கேவலப்படுத்திற இல்லாம வேறென்ன?”

எல்லாரும் ஓம் ஓம் என்றோம். நானும் கைதட்டினேன்.

கண்டிப்பதென்றால் எதைக் கண்டிக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? ஜெஸீமா வீடியோக்களைப் பெரிய டிவியில் போட்டாள். முதலாவது ஓடும்போது எல்லாரும் முகத்தை இறுக்கிக்கொண்டிருந்தோம். இரண்டாவதில் மூலையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. மூன்றாவதில் மாமி மருமகனுக்கு மீன் தலையைப் போடுவதா, நடுத்துண்டைப் போடுவதா என்று தட்டோடு நின்று யோசிக்கிற இடம் வந்ததும் ஒருத்தி ஸ்கார்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அவ்வளவுதான். வட்டிலப்பத் தட்டு கீழே விழுந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை.

“இது ரீச்சர் இல்ல, என்ட உம்மா! அப்பிடியே எங்கட உம்மா!”

“ஆர் சென்ன? இது எங்கட மாமி.”

எனக்கு லேசாகக் கோபம் வந்தது. ஊரே உரிமை கொண்டாடுவதற்கு அவள் என்ன பொதுச்சொத்தா? அது நான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாரும் ஒருமனதாகக் கண்டித்தோம். பள்ளிவாசலுக்கு முறைப்பாடு கொடுத்து, ஜும்ஆவுக்குப் பிறகு அவனை மன்னிப்புக் கேட்க வைப்பது என்று பேச்சு வந்தது. நான் அவனோடு கதைக்கும்வரை பொறுக்கச் சொன்னேன். சரி என்றார்கள். ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி ஏது? நான் வீடு வந்து ஸ்கார்பைக் கழற்றுவதற்கு முன்பே செய்தி பள்ளிக்குப் போய்விட்டது.

தும்புத் தாடி

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக முடியாது.

நான் மனைப்பொருளியல் படிப்பித்தது பெண்கள் பாடசாலையில். பரிசளிப்பு விழா நாடகங்களும் என் தலையில்தான் விழும். பெண்களே பார்ப்பது, பெண்களே நடிப்பது. ஆகவே நாடகத்தில் வருகிற வாப்பா, காக்கா, மாப்பிள்ளை என்று எல்லா ஆண்களுக்கும் தென்னந்தும்பில் தாடி ஒட்டுவோம். ஒருமுறை ஒரு பிள்ளை மாப்பிள்ளையின் வாப்பாவாக வந்தாள். சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பெண் வீட்டைச் சுற்றிப் பார்த்து, “வீடு நல்லாத்தான் இரிக்கி. மேல தட்டுப் போடல்லியா? பாத்ரூமுக்கு மாபிள் பதிக்கல்லியா?” என்று கேட்டாள். முன்வரிசையில் இருந்த தாய்மார் சிரித்த சிரிப்பில் மண்டபக் கூரை போய்விடும் என்று பயந்தேன். பாதிப்பேர் சிரிப்போடு அழுதார்கள். மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள்.

அந்தத் தும்புத் தாடிக்காரி வேறு யாருமல்ல, ஜெஸீமாதான்.

கூட்டம் முடிந்து வெளிக்கிடும்போது அதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஆனால் விடவில்லை.

“அது வேற ரீச்சர். கீழ இரிக்கிறவங்க மேல பாத்துச் சிரிச்சாக் குத்தமில்ல. மேல இரிக்கிறவங்க கீழ பாத்துச் சிரிச்சாத்தான் குத்தம்.”

“அப்ப மாமி வீட்டுல இரிக்கிற மருமகன் மேலயா, கீழயா?”

அவள் கதிரைகளை அடுக்கப் போய்விட்டாள். 

ஆண் பெண் வேசம் கட்டினால் அது பெண்ணுக்கு இழிவா என்று காரைதீவில் இருக்கிற யோகேஸ்வரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். என்னோடு படிப்பித்தவள். அவளுடைய அப்பா கூத்தில் பெண் வேசம் கட்டினவர். ராணியாகவும் வருவார், தெய்வமாகவும் வருவார்.

“அப்பா வேசம் கட்டுற நாளையில எங்கட வீட்டில மீன் மச்சம் சமைக்கிறல்ல ரீச்சர். சீலைய உடுத்திட்டாரெண்டா பெரிய ஆக்களும் கையெடுத்துக் கும்பிடுவினம். ஆரும் சிரிக்க மாட்டினம்.”

“அப்ப பொம்பிளைக்கு நல்ல மரியாததானே?”

“வேசத்தில வந்த பொம்பிளைக்கு மரியாததான். எங்கட அம்மா குசினிக்கதான் கிடந்தா. அவ கூத்த ஒருநாளும் முழுசாப் பாத்தல்ல.”

ஆக, சிரித்தாலும் அவ்வளவுதான், கும்பிட்டாலும் அவ்வளவுதான். 

திரைச்சீலைக்குப் பின்னால்

மறுநாள் அஸருக்குப் பிறகு பள்ளியிலிருந்து இரண்டு மரைக்கார்மார் வந்தார்கள். எங்கள் ஊரில் ஒவ்வொரு குடிக்கும் பள்ளியில் ஒரு மரைக்கார் உண்டு, குடும்ப விவகாரங்களை விசாரிப்பது அவர்கள்தான். குடி எங்களுக்குத் தாய்வழியாக வரும். மரைக்கார்மார் மட்டும் எப்போதும் ஆண்களாகவே வருவார்கள்.

வந்தவர்களில் ஒருவர் வயதானவர், மற்றவர் இளையவர். வயதானவர் ஹோலில் ஜன்னலோரமாகக் கிடந்த கதிரையில் உட்காரப் போனார். அது என் வீட்டுக்காரருடைய கதிரை, அவர் மௌத்தாகிப் போன பிறகு யாரும் அதில் இருப்பதில்லை. நான் திரைச்சீலைக்குப் பின்னால் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். வாயைத் திறப்பதற்குள் நௌசாத் முந்திக்கொண்டான்.

“அதுல வேணாம் மரைக்கார். இதுல இரிங்க, இதான் வசதி.”

வேறொரு கதிரையை இழுத்துப் போட்டான். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

முதலில் மார்க்கத்தைச் சொன்னார்கள். அதில் எனக்கு வாதமில்லை. ஓதிப் படித்தவர்களிடம் அவன் கேட்டு நடக்கட்டும், அது அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான விசயம். ஆனால் பெரிய மரைக்கார் அதோடு நிறுத்தவில்லை.

“ஆம்பிளையாப் பொறந்தவன், தம்பி, பொம்பிளட உடுப்பப் போட்டு நிக்கிறது எவ்வளவு கேவலம்? ஆம்பிளட மானம் என்ன ஆகிற? உன்னால நம்மட ஆம்பிளைகள் எல்லாருக்கும் தலகுனிவு.”

நௌசாத் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.  நாங்கள் வட்டிலப்பம் வைத்துக் கூட்டம் போட்டு, இது பெண்ணுக்கு இழிவு என்று முடிவெடுத்தோம். இவர்கள் அதை ஆணுக்கு இழிவு என்று மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! நான் படித்தது, படிப்பித்தது, பிள்ளை வளர்த்தது எல்லாம் அந்த உடுப்பில்தான். அதற்குள் ஒரு ஆண் ஐந்து நிமிசம் நின்றால் அவனுடைய மானம் போய்விடுமாம். தலையணை வைத்த நௌசாத்கூட என்னை இவ்வளவு கேவலப்படுத்தவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

“மரைக்கார், நான் சும்மாதான் கேக்கன்.”

இளைய மரைக்கார் சட்டென்று முகத்தை மறுபக்கம் திருப்பினார். அவருடைய தோள் குலுங்கியது. அவரும் பார்க்கிறவர்தான்.

“அந்த உடுப்பு என்ட. அதப் போட்டுக்கிட்டுத்தான் உங்கட மூத்த மகளுக்கும் நான் படிப்பிச்ச. அதுல என்ன கேவலத்தக் கண்டீங்க?”

“இல்ல ரீச்சர்... நீங்க போட்டாக் கேவலமில்ல. இவன் போட்டாத்தான்.”

“உடுப்பு ஒண்டுதானே. மறுகா அந்தக் கேவலம் எங்கரிந்து வந்த?”

பெரிய மரைக்கார் தேத்தண்ணியை எடுத்தார். ஆறவிடாமலே குடித்தார்.

“உங்களப் பத்தின முறைப்பாடெண்டுதானே ரீச்சர் வந்த நாங்க.”

“என்னப் பத்தினதெண்டா என்னட்டக் கேட்டிரிக்கணும். ஆர் என்னட்டக் கேட்ட?”

இது குடும்ப விசயம், நீங்களே கதைத்து முடித்துக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிட்டார்கள். கேற்றடியில் இளையவர் கொஞ்சம் பிந்தி நின்று நௌசாத்திடம் ஏதோ குசுகுசுத்தார். இந்த வெள்ளியும் வருமா என்று கேட்டாராம். றிஸ்னா பிறகு சொன்னாள்.

கதிரை

 அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் உள் அறையில் கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.  போய்ப் பார்த்தேன். றிஸ்னா சுவரோடு சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். அவன் சேட்டுகளை மடித்துக்கொண்டிருந்தான்.

“கொஞ்ச நாளைக்கு உம்மா வீட்டுல பெய்த்து இரிக்கன் மாமி. என்னால உங்களுக்கும் வெக்கம். எல்லாத்தையும் அழிச்சிடுறன்.”

வழக்கமெல்லாம் அந்த இடத்தோடு முடிந்தது. பூனையைத் தேட எனக்கு நேரமில்லை.

“பெட்டிய வை. அந்தத் தலகாணி என்னத்துக்கு? அதச் செல்லு முதல்ல.”

அவன் விழித்தான்.

“என்ட நடைய எடுத்த, கதைய எடுத்த. சரி, அது எனக்கிட்ட இரிக்கி, எடுத்த. முன்னுக்கும் பின்னுக்கும் தலகாணி வெச்சியே, அது என்னத்துக்கு?”

“சனம் சிரிக்கிறத்துக்கு மாமி.”

“என்னப் பாத்துச் சிரிக்கலாம். அதுக்கு என்ட வாயே போதும். தலகாணியப் பாத்துச் சிரிக்கிறவனுக்கு நான் என்னத்துக்கு? அங்க எந்தப் பொம்பிளையா இரிந்தாலும் போதும்தானே. எனக்கு அதுதான் கேவலம், மகன். வேற ஒண்டுமில்ல.”

 அவன் காது மடல் சிவந்துபோய் நின்றான். பிறகு போனை எடுத்து எதையோ தேடி என் கையில் தந்தான்.

“இதப் போடல்ல மாமி. இதுல சிரிக்கிறத்துக்கு ஒண்டுமில்ல.”

எங்கள் ஹோல். மண்ணிற அபாயா. தலையணை இல்லை. ஸ்கார்பை மூக்குவரை இழுத்துவிட்டிருந்ததால் மீசையும் தெரியவில்லை. சுபைதா மாமி ஒரு கோப்பைப் பிளேன்டீயைக் கொண்டுவந்து, ஜன்னலோரக் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டூலில் வைத்தாள். யாருமில்லாத கதிரையைப் பார்த்து, “இஞ்செருங்க, சீனி கூடிப்பெய்த்தா?” என்று மெல்லக் கேட்டாள். கொஞ்சம் பொறுத்தாள். பிறகு தானே ஒரு மிடறு குடித்துப் பார்த்து, “இல்ல, அளவுதான்,” என்று சொல்லிவிட்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

என் வீட்டுக்காரர் மௌத்தான நாளிலிருந்து அஸர் தொழுதுவிட்டு நான் செய்கிறது அது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் செய்வேன். றிஸ்னாவுக்குத் தெரியாது. போனை எட்டிப் பார்த்துவிட்டு அவள், “இது என்ன உம்மா?” என்று கேட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. என் துக்கத்தை ஒருவன் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறானே என்று உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாளும் அந்தக் கதிரையோடு நான் தனியாகத்தான் கதைத்தேன் என்று நினைத்திருந்தேனே, தனியாக இல்லையா என்று ஒரு ஆறுதலும் வந்தது. இதில் எது முந்தி, எது பிந்தி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அவனோடு கதைத்தபின் சொல்வதாக இருந்த முடிவுக்காக ஜெஸீமா இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள்.

திரும்ப ஒருமுறை போட்டுப் பார்த்தேன். நடை சரி. குரல் சரி. கோப்பையை வைத்த கையும் சரி. நான் சிவப்புக் கோடு போடாமல் ஒரு பிள்ளையின் கொப்பியையும் திருப்பிக் கொடுத்தவளல்ல.

“ஸ்கார்பு ஊசிய வலப்பக்கம் குத்தியிரிக்கிற. நான் குத்துற இடப்பக்கம்,” என்றேன்.

பொய். நான் வலப்பக்கம்தான் குத்துவேன். அப்போதும் வலப்பக்கம்தான் குத்தியிருந்தேன். அவன் என் ஸ்கார்பைப் பார்த்தான்.

“சரி மாமி. இனிமேப்பட்டுக் கவனமாக் குத்துறன்.”

பெட்டியை நானே கட்டிலுக்குக் கீழே காலால் தள்ளினேன். முழங்கால் நொந்தது.

“கொடியில கிடக்கிறத எடுக்காத. ஈரத்தோட போட்டாச் சளி புடிக்கும்,” என்றேன். “அலுமாரில அயன் பண்ணினது இரிக்கி. கேட்டு எடு.”